வீட்டுல செஞ்ச கொயர் ஆர்கன் மாதிரி கேக்குது, எங்க தப்பு?

ரீப்பர்தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சபை கேரல் ஆராதனைக்கு ஒரு பாட்டை வீட்டுலயே பண்ணிட்டிருக்கேன். கடைசியில "ஸ்தோத்திரம்"னு எட்டு பார் (தாளச் சுற்று) கொயர் வரணும். இலவச கொயர் சாம்பிள் (கீபோர்டுல வாசிக்கிற, பதிவு பண்ணின கொயர் குரல்) போட்டு, வலது கையில மூணு நோட்டு, இடது கையில ஆக்டேவ்னு வாசிச்சேன். பழைய கீபோர்டு ஆர்கன் மாதிரி இருக்கு. ரிவெர்பை (அறை முழக்கத்தை) ஏத்தினேன், இன்னும் கூழாயிடுச்சு. காசு குடுத்து வேற சாம்பிள் லைப்ரரி வாங்கினாத்தான் சரியாகுமா?

மிடிபித்தன்:
இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. வெலாசிட்டி, அதாவது கட்டையை அழுத்துற வேகம், எல்லாம் ஒரே அளவா? கீபோர்டு ஓரத்துல இருக்கிற மாட் வீலைத் தொட்டீங்களா? நோட்டுகளுக்கு நடுவுல எங்கயாவது இடைவெளி இருக்கா?

ரீப்பர்தம்பி:
எல்லாம் 100 தான் அண்ணே. மாட் வீல் தொடல. எட்டு பாரும் ஒட்டியேதான் இருக்கு.

மிடிபித்தன்:
எட்டு பார் மூச்சு விடாம யார் பாடுவா? ரெண்டு பாருக்கு ஒருதரம், கடைசி நோட்டைக் கால் பீட் முன்னாடியே முடிங்க. பெரும்பாலான கொயர் சாம்பிள்ல நோட்டு ஒலிக்கும்போதே சத்தத்தை ஏத்தி இறக்குறது மாட் வீல்தான், அதாவது மிடியில சிசி 1-ங்கிற கட்டுப்பாடு. அதைக் கையால அசைச்சுப் பதிவு பண்ணுங்க, மவுஸால கோடு போடாதீங்க.

ஆல்டோஅக்கா:
தம்பி, நான் பல வருஷமா சபைக் கொயர்ல ஆல்டோ (பெண்கள்ல தாழ்ந்த குரல்) பாடுறேன். ஒரே ட்ராக்ல கார்டா வாசிச்சா கொயர் வராது. நாலு ட்ராக் போட்டு ஒவ்வொரு குரலையும் தனித்தனியா, வாயால பாடிப் பாத்துட்டு வாசிங்க. நடு சி-க்கு ஒவ்வொரு மென்பொருள்லயும் ஒரு பேர், அதனால மிடி எண்ணாவே (ஒவ்வொரு கட்டைக்கும் இருக்கிற வரிசை எண்) சொல்றேன், அது 60. சோப்ரானோ (பெண்கள்ல உயர்ந்த குரல்) 60–81, ஆல்டோ 55–74, டெனர் (ஆண்கள்ல உயர்ந்த குரல்) 48–67, பாஸ் (ஆண்கள்ல தாழ்ந்த குரல்) 40–60. கார்டு மாறும்போது ரெண்டுக்கும் பொதுவான நோட்டு இருந்தா அந்தக் குரல் அசையாம நிக்கட்டும். ஆல்டோவுக்குப் பாதி நேரம் அதுதான் வேலை! எல்லாரும் சேர்ந்து தாவுறதாலதான் உங்களுக்கு ஆர்கனாக் கேக்குது.

பெட்ரூம்ஸ்டூடியோ:
அக்கா சொன்னதைச் செஞ்சதும் உங்க குரலையும் சேருங்க. இலவச சாம்பிள்ல பெரும்பாலும் ஆ, ஊ மாதிரி உயிரொலிதான் இருக்கும். சொல்லுக்கு ஆள் வேணும். எட்டு தடவை புதுசு புதுசாப் பாடுங்க. ஒரே டேக்கை (ஒருதரம் பாடிப் பதிஞ்சதை) காப்பி பண்ணி 15 மில்லிசெகண்ட் தள்ளி வச்சா குழாய்க்குள்ள பாடின மாதிரி ஆயிடும். ஒவ்வொரு டேக்குக்கும் நிக்கிற இடத்தையும் மைக் தூரத்தையும் மாத்துங்க, இல்லன்னா அறையோட அதே முழக்கம் எட்டு மடங்கு ஏறும். சுருதி திருத்தியை எல்லா டேக்லயும் இறுக்கிப் போடாதீங்க. ஆளுக்கு ஆள் கொஞ்சம் விலகினாத்தான் கூட்டமாக் கேக்கும். சாம்பிளுக்கும் குரலுக்கும் ஒரே ரிவெர்ப்: சுமார் 2.5 செகண்ட், ப்ரீ-டிலே (முழக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற இடைவெளி) 25 மில்லிசெகண்ட், ரிவெர்ப்ல மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. அந்தக் கூழ் பாதி போயிடும்.

ரீப்பர்தம்பி:
ரெண்டு ராத்திரி உக்காந்தேன். தங்கச்சியையும் நாலு டேக் பாட வச்சேன். நிஜமாவே ஆளுங்க நிக்கிற மாதிரி வந்துடுச்சு, ரொம்ப நன்றி! ஆனா "ஸ்தோ"ல அந்த "ஸ்" மட்டும் பட்டாசுச் சரம் மாதிரி சிதறுது.

ஆல்டோஅக்கா:
எங்க கொயர் மாஸ்டர் அதுக்கு ரெண்டு பேரை மட்டும் "ஸ்" சொல்ல விடுவார், மத்தவங்க "தோ"ல ஆரம்பிப்போம். நீங்களும் ஒரு டேக்ல மட்டும் "ஸ்" வச்சுக்கிட்டு மத்ததுல வெட்டிடுங்க. அந்த "ஸ்" பீட்டுக்கு முன்னாடி வரணும், "ஓ" சரியா பீட்டுல விழணும். கடைசி "ம்" எல்லா டேக்லயும் ஒரே இடத்துல மூடட்டும். சாம்பிள்ல "ஓ" இல்லைன்னா அந்த இடத்துல "ஊ"வைச் சின்னதா வைங்க. "ஆ" போட்டா சொல் கலைஞ்சுடும்.

ரீப்பர்தம்பி:
என்னோட ஒரு டேக்ல மட்டும் "ஸ்" விட்டேன், சரியாயிடுச்சு அக்கா. டெனர்ல 67-க்கு மேல போன ரெண்டு நோட்டையும் ஆல்டோவுக்கு மாத்திட்டேன். நாளைக்கு ஆடியோவை இங்க ஏத்துறேன், கேட்டுட்டுச் சொல்லுங்க.