எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட்டில் கேஸ் கட்டிங் எடுபடவில்லை, பிளாஸ்மாவுக்கு மாறலாமா?

பட்டறைக்காரன்:
எங்களிடம் இருப்பது ஆக்சி-அசிட்டிலீன் கேஸ் கட்டர் மட்டும்தான். எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) பிளேட் 10 முதல் 60 மிமீ வரை வெட்டுகிறோம், குறையில்லை. இப்போது 8 மிமீ எஸ்எஸ் வேலை வருகிறது, அதில் பிளேட் உருகிக் கட்டி கட்டியாக நிற்கிறதே தவிர வெட்டு விழவில்லை. ஆக்சிஜன் அழுத்தத்தைக் கூட்டியும் பார்த்தாச்சு. கேஸை விட்டுவிட்டு பிளாஸ்மா (மின்பொறியால் கொதிக்கும் வாயுவைப் பாய்ச்சி வெட்டும் மெஷின்) வாங்கலாமா, இல்லை லேசரா?

தீப்பொறி:
அழுத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் நடக்காது. கேஸ் கட்டிங்கில் இரும்பு எரிந்துதான் வெட்டுப்படுகிறது. சுமார் 900 டிகிரிக்குச் சூடானதும் தூய ஆக்சிஜனில் பற்றிக்கொள்ளும், அதில் உண்டாகும் இரும்பு ஆக்சைடு இரும்பை விடக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால் ஆக்சிஜன் வேகத்தில் கீழே ஓடிவிடும். எஸ்எஸ்ஸில் வரும் குரோமியம் ஆக்சைடு உருகவே 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், அது மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டால் ஆக்சிஜன் எப்படி உள்ளே போகும்? அலுமினியத்திலும் இதே கதைதான். பிளாஸ்மா வாங்குங்கள், ஆனால் கேஸ் செட்டை விற்றுவிடாதீர்கள், 60 மிமீ எம்எஸ்ஸுக்கு அதுதான் சரி.

கசடு:
8 மிமீ எஸ்எஸ்ஸுக்கு பிளாஸ்மா தாராளம். லேசர் எல்லாம் மெல்லிய தகடு, நுணுக்கமான வடிவம், நிறைய எண்ணிக்கை என்றால்தான் கட்டுப்படியாகும். ஒன்று கவனியுங்கள், காற்றில் ஓடும் பிளாஸ்மாவில் எம்எஸ் வெட்டினால் ஓரத்தில் நைட்ரஜன் ஏறிவிடும், அப்படியே வெல்டு வைத்தால் ஊசித்துளை விழும், லேசாக கிரைண்டிங் போட்டுவிட்டு வெல்டு பண்ணுங்கள். வெட்டும் முழுச் செங்குத்தாக வராது. வழக்கமான நாசில்களில் டார்ச் (வெட்டும் கைப்பிடி) போகும் திசைக்கு வலப்பக்கம்தான் நேராக இருக்கும், அதனால் வேண்டிய துண்டு வலப்பக்கம் வருமாறு ஓட்டுங்கள், கழிவு இடப்பக்கம் போகட்டும்.

பட்டறைக்காரன்:
நன்றி இருவருக்கும். 20 மிமீ எம்எஸ் பிளேட்டில் 12 மிமீ போல்ட் ஓட்டையும் பிளாஸ்மாவிலேயே போட்டுவிடலாமா?

தீப்பொறி:
வேண்டாம். ஓட்டையின் விட்டம் பிளேட் தடிமனை விடச் சின்னது என்றால் கூம்பு மாதிரி ஆகிவிடும், போல்ட் ஒழுங்காக உட்காராது. டிரில் போடுங்கள். அப்புறம், எஸ்எஸ் வெட்டும்போது வரும் புகையில் ஆறு இணைதிற குரோமியம் இருக்கும், புற்றுநோய் வரவழைக்கக்கூடியது, டார்ச் பக்கத்திலேயே புகையை உறிஞ்சும் ஏற்பாடு செய்துவிட்டு ஆரம்பியுங்கள்.