தீயணைப்புப் பணியிலுள்ள பெண்களின் புற்றுநோய் அபாயம்: அமெரிக்காவில் தனி ஆய்வுச் சட்டம் தேவையா?

சட்ட மாணவி:
அமெரிக்காவில் 2018-இல் இயற்றப்பட்ட தீயணைப்பாளர் புற்றுநோய்ப் பதிவேட்டுச் சட்டத்தைப் படித்துவருகிறேன். அதன்வழி உருவான தேசியப் பதிவேட்டில், ஊதியம் பெறுவோரும் தன்னார்வலரும், ஆணும் பெண்ணுமாக எவரும் 2023 முதல் தாமாகவே பெயர் பதிந்துகொள்ளலாம். அப்படியிருக்க, பெண்களுக்கென்று தனி ஆய்வைச் சட்டத்தின் மூலம் கோர வேண்டிய தேவை என்ன?

புள்ளியியலாளர்:
பொதுப் பதிவேடு விடை தரும், ஆனால் மிகவும் தாமதமாக. சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, சான் ஃபிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களில் 1950 முதல் பணியாற்றிய ஏறத்தாழ 30,000 தீயணைப்பாளர்களை ஆராய்ந்த பெரிய ஆய்விலேயே பெண்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. அவர்கள் இப்பணிக்குப் பிற்காலத்தில்தான் வந்தவர்கள். புற்றுநோயோ வெளிப்படப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்வது. 2022-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில், சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த மெல்லிய உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் போதுமான சான்று இருப்பதாகவும், புராஸ்டேட், விதைப்பை உள்ளிட்ட சிலவற்றுக்கு ஓரளவு சான்று இருப்பதாகவும் கூறிய அது, மார்பகப் புற்றுநோயை எதிலும் சேர்க்கவில்லை. அபாயம் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்:
மேலே சொன்னதன் சட்ட விளைவையும் பாருங்கள். கூட்டாட்சி அரசின் தீயணைப்பாளர்களுக்கு எந்தெந்த நோய்கள் பணியினால் வந்தவை என்று அனுமானிக்கப்படும் என 2022 டிசம்பரில் ஒரு பட்டியல் சட்டமானது. நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை நோயாளியே நிறுவ வேண்டிய சுமையை நீக்குவதே அதன் நோக்கம். அந்தப் பட்டியலில் புராஸ்டேட், விதைப்பைப் புற்றுநோய்கள் இருந்தன. மார்பக, சூலகப் புற்றுநோய்கள் இல்லை. யாரை ஆராய்ந்தார்களோ அவர்களுக்கே இழப்பீடு எளிதாயிற்று என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 2025 ஜனவரியில் தொழிலாளர் துறை மார்பக, சூலக, கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கும் இதை விரித்தது. ஆயினும் அது நிர்வாக முடிவு. சட்டத் திருத்தத்துக்குள்ள உறுதி அதற்கு இல்லை.

சட்ட மாணவி:
மிக்க நன்றி ஐயா. பெண்களை மட்டும் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஏதேனும் உண்டா?

பொதுச் சுகாதார ஆய்வாளர்:
உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் பெண் தீயணைப்பாளர்கள், சக பணியாளர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவதைக் கண்டு, அறிவியலாளர்களோடு தாங்களே சேர்ந்து தொடங்கிய ஆய்வு அது. தீயணைப்புப் பணியிலுள்ள 86 பெண்களின் இரத்தத்தையும் அலுவலகப் பணியிலுள்ள 84 பெண்களின் இரத்தத்தையும் ஒப்பிட்டதில், எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். வகை வேதிப்பொருள்களுள் மூன்று முன்னவர்களிடம் கூடுதலாக இருந்தன. முடிவுகள் 2020-இல் வெளியாயின. அவ்வேதிப்பொருள்கள் தீயணைப்பு நுரையிலும் பாதுகாப்பு உடைகளிலும் பயன்பட்டவை.

எனினும் இது உடலில் சேர்ந்ததைக் காட்டுகிறதே தவிர, நோயைக் காட்டவில்லை. இரவுப் பணியே மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற ஐயமும் இருப்பதால், புகையின் பங்கையும் இரவு விழிப்பின் பங்கையும் பிரித்தறிய வேண்டும். தன்னார்வமாகப் பதிபவர்களுள் ஏற்கெனவே நோயுற்றோர் மிகுந்திருக்கவும் கூடும். ஆகவே சட்டம் இயற்றுவோர், தீயணைப்புத் துறைகளின் பணிப் பதிவுகளிலுள்ள பெண்கள் அனைவரையும், ஓய்வுபெற்ற பின்னரும், மாநிலப் புற்றுநோய்ப் பதிவேடுகளின் வழியாகத் தொடர்ந்து கண்காணிக்க நிதியை உறுதிசெய்ய வேண்டும்.