முழு ஆல்பத்தையும் மறுபடி வாசிப்பதில் கேட்பவருக்கு என்ன கிடைக்கிறது?

இரவுக்கேட்பாளர் (கேள்வி):

ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் ‘பிலாங்கிங்’ ஆல்பத்தை, சாக்ஸஃபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸின் நால்வர் குழு முழுவதுமாக மறுபடி பதிவுசெய்து, 2025 மார்ச்சில் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் வழியாக வெளியிட்டது. அதே ஆறு உருப்படிகள், அதே வரிசை. சாக்ஸஃபோன், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என்று வாத்தியங்களும் அவையே. 1974 ஏப்ரலில் ஆஸ்லோவில் பதிவான மூலத்தை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதனாலோ என்னவோ, புதியதைப் போட்டால் என் காது மூலத்தில் வாசித்த யான் கார்பரெக்கின் சாக்ஸஃபோனுக்காகவே காத்திருக்கிறது; அது வராதபோது ஏமாற்றமாக இருக்கிறது. ஒரு மெட்டை எடுத்துத் தம் போக்கில் வாசிப்பது ஜாஸில் அன்றாட வழக்கம்தான். ஆனால் ஒரு ஆல்பத்தையே முதலிலிருந்து கடைசி வரை எடுத்து வாசிப்பதன் பயன் என்ன? மூலத்தை மறந்துவிட்டுக் கேட்க வேண்டுமா, பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டுமா?

பித்தளைத்தட்டு:

பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஆனால் சாக்ஸஃபோனிலிருந்து தொடங்காதீர்கள். கார்பரெக்கின் ஒலி மெலிந்தது, கூரானது. ஒரு சுரத்தை அசைக்காமல் நீட்டிப் பிடிப்பார். மார்சாலிஸின் ஒலி கனமானது, புளூஸ் மணம் ஊறியது. இந்த இரண்டையும் ஒப்பிட்டால் முதலில் பழகியதுதான் வெல்லும்.

டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். மூலத்தில் டிரம்ஸ் வாசித்த யோன் கிறிஸ்டென்சன் தாளத்தை அடித்துச் சொல்வதைவிடப் பித்தளைத் தட்டுகளின் மினுமினுப்பில் உணர்த்துகிறவர். நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழாது, ஆனாலும் ஓட்டம் நிற்காது. புதிய பதிவில் ஜஸ்டின் ஃபாக்னர் அதே இடங்களை நெருக்கமாக நிரப்புகிறார், தனி வாசிப்பவரை முன்னே தள்ளுகிறார். மூன்றாவது உருப்படியில் பியானோவும் பாஸும் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்தத் தேவாலய இசைச் சாயல் கொண்ட அடித்தளத்தின்மேல் இந்த வேறுபாடு நன்றாகவே கேட்கும். (ஸ்டீலி டான் குழுவின் 1980ஆம் ஆண்டு ‘கௌச்சோ’ பாடல் இதை ஒத்திருந்ததால், பிறகு அதன் இயற்றியோர் வரிசையில் ஜாரெட்டின் பெயரும் சேர்க்கப்பட்டது என்பது கிளைக்கதை.)

நான்காம் கம்பி:

மேலே சொன்னதோடு எனக்கு உடன்பாடே. ஆனால் என் காது நின்ற இடம், ஆல்பத்தின் பெயரையே கொண்ட தலைப்பு உருப்படியான ‘பிலாங்கிங்’. மூலத்தில் அது இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும். 12 நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘பிளாசம்’, ‘சால்ஸ்டிஸ்’ ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் போலத்தான் இருக்கும். ஜாரெட் அங்கே ஒரு விதையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மார்சாலிஸும் பியானோ வாசிக்கும் ஜோயி கால்டெராட்ஸோவும் அதை அவசரமின்றி வளர்த்து முழு உருப்படியாக்கியிருக்கிறார்கள். முழு ஆல்பத்தையும் எடுத்ததால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். பிடித்த மெட்டை மட்டும் பொறுக்கியிருந்தால் இதே ஆல்பத்தின் ‘தி வைண்டப்’பைத்தான் எடுத்திருப்பார்கள், 2019இல் வந்த ஆல்பத்தில் எடுத்தும்விட்டார்கள்.

பழைய இசைத்தட்டு:

கேள்வி கேட்டவரின் மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் அது எல்லா ஆல்பத்துக்கும் பொருந்தாது. இதே மார்சாலிஸ், சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ முழுவதையும் வாசித்து 2002இல் வெளியிட்டார். திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அதன் நான்காம் பகுதியில் கோல்ட்ரேன் தாம் எழுதிய கவிதையை அசை அசையாகச் சாக்ஸஃபோனில் ஓதுகிறார். அது ஒருவருடைய சொந்தப் பிரார்த்தனை. அதை இன்னொருவர் ஓதும்போது எனக்கு ஒட்டவில்லை. ‘பிலாங்கிங்’கில் அந்தச் சுமை கிடையாது. அவை நல்ல மெட்டுகள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம்.

மறுகோடியையும் பார்த்துவிடுங்கள். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு ‘கைண்ட் ஆஃப் புளூ’வை ‘மோஸ்ட்லி அதர் பீப்பிள் டூ த கில்லிங்’ என்ற குழு 2014இல் சுரத்துக்குச் சுரம், மனோதர்மமாக வாசித்தவை உட்பட அப்படியே திரும்ப வாசித்து வெளியிட்டது. ‘டான் கிஹோட்டே’ நாவலைச் சொல்லுக்குச் சொல் மறுபடி எழுதுகிற ஒருவனைப் பற்றி அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹே எழுதிய கதையையே ஆல்பத்தின் அறிமுகக் குறிப்பாக அச்சிட்டார்கள். குறும்புதான், ஆனால் அதையும் காது ஒப்புக்கொள்ளாது: அதே சுரம் வேறு உதட்டிலிருந்து வந்தால் வேறாகவே கேட்கிறது.

இரவுக்கேட்பாளர்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு ‘தி வைண்டப்’பை இரண்டு பதிவுகளிலும் அடுத்தடுத்துக் கேட்டேன், டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து, தொடையில் தாளம் போட்டபடி. மூலத்தில் எந்தத் திருப்பத்தில் என் கை எப்போதும் தவறுமோ, அதே இடத்தில் ஃபாக்னரின் வாசிப்போடு தாளம் போடும்போதும் தவறியது. கார்பரெக்குக்காகக் காத்திருக்க அப்போது எனக்கு நேரம் இருக்கவில்லை. தலைப்பு உருப்படியை இன்றிரவு கேட்கப் போகிறேன். போர்ஹே விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த 2014 ஆல்பத்தையும் தேடிப் பிடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.