.300 மேக்னம் முதல் லீவர் ரைஃபிள் வரை: பேர் பெரிது, பயன் எவ்வளவு?

மலைமுகடு:
வேட்டைத் தோட்டாக்களில் எதற்குத் தகுதிக்கு மேல் பேர் கிடைத்திருக்கிறது? என் ஓட்டு .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு. 1963-இல் வந்த நாளிலிருந்து "பெரிய விலங்கா, தூரமா, இதை வாங்கு" என்ற பேச்சு ஓயவே இல்லை. கணக்கைப் பாருங்கள். 180 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு வழக்கமான .30-06 தோட்டாவில் நொடிக்கு 2700 அடி, மேக்னத்தில் 2960 அடி. இரண்டையும் 200 கஜத்தில் ஜீரோ செய்தால் (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால்), 300 கஜத்தில் முன்னது சுமார் எட்டேகால் அங்குலம் இறங்கும், பின்னது சுமார் ஆறேமுக்கால். ஆக ஒன்றரை அங்குலம். மூச்சு வாங்க ஏறி வந்து உட்கார்ந்து சுடும்போது, அந்த ஒன்றரை அங்குலத்தைப் பிரித்தறியும் கை அபூர்வம். அதற்குக் கொடுக்கும் விலையோ பெரியது. மூன்றரைக் கிலோ ரைஃபிளில் .30-06-இன் உதை (சுடும்போது தோளில் இடிக்கும் ஆற்றல்) 20 அடி-பவுண்டை ஒட்டி இருக்கும். மேக்னம் 27-ஐத் தாண்டிவிடும். மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.

நெடுந்தூரம்:
உங்கள் எண்கள் சரி, கேள்விதான் தவறு. இறக்கத்தைக் குறைக்கவா மேக்னம் வாங்குகிறோம்? லேசர் தூரமானியும் தூரத்துக்கு ஏற்பக் குறியை உயர்த்த டரெட் திருகும் ஸ்கோப்பும் கையில் இருந்தால் இறக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. விலங்கின் மேல் படும்போது குண்டுக்கு எவ்வளவு வேகம் மிச்சம் என்பதுதான் விஷயம். முழுச்செம்புக் குண்டுகள் பலவும் 1800 முதல் 2000 அடி வேகத்துக்குக் கீழே சரியாக விரியாது. ஊசி போலத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். விலங்கு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். 2000 அடியைக் கோடாக வைத்தால், .30-06-இன் 180 கிரெய்ன் குண்டு 400 கஜத்துக்குச் சற்று முன்பே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். மேக்னம் 500-ஐ ஒட்டித்தான் தொடும். நூறு கஜத்துக்கு மேல் லாபம். ஈயம் தடை செய்யப்பட்ட இடங்களில் இந்த லாபத்தைத் தள்ளிவிட முடியாது.

மலைமுகடு:
அந்த 2960 அடி 24 அங்குல பேரலில் அளந்தது. இப்போது மலைக்கென்று விற்கும் 20 அங்குல ரைஃபிளில், அங்குலத்துக்கு ஏறக்குறைய 25 அடி வீதம் நூறு அடி போய்விடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 260 அடி அனுகூலத்தில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் வாய்முனையில் தீப்பிழம்பாகவும் சத்தமாகவும் எரிகிறது. உதை தாங்காமல் மசில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைக்கும் வாய்முனைத் துண்டு) மாட்டினால், பக்கத்தில் நிற்பவரின் காதுக்குக் கேடு. காதுக்கவசம் இல்லாமல் பிரேக் வைத்த மேக்னத்தைச் சுடவே கூடாது.

இன்னொன்று. உதை கூடக் கூட, விசையை இழுக்கும் முன்பே தோள் இறுகும், கண் மூடும். பலருக்கு இது தங்களுக்கு இருப்பதே தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி: ஐந்து தோட்டாவில் இரண்டு டம்மி கலந்து, எது எங்கே என்று தெரியாதபடி வேறொருவர் மேகசினில் நிரப்பட்டும். டம்மி வரும்போது குழல்வாய் கீழே குத்தினால், நிஜத் தோட்டாவிலும் அதே குத்தல் நடக்கிறது என்று பொருள். உதை அதை மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கூடுபொறுக்கி:
மேக்னம் பேச்சு வந்ததால், ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் நிரப்புவது) பக்கத்திலிருந்து. .300 மேக்னத்தின் அடியைச் சுற்றி வளையமாக இருக்கும் பெல்ட் பலத்துக்காக என்று இன்னும் நம்புகிறார்கள். அது 1912-இன் .375 ஹாலண்ட் & ஹாலண்டிலிருந்து வந்த வழக்கம். அந்தக் கூட்டின் தோள் (கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) நீளமாகச் சரிந்தது, சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) உறுதியாக நிற்காது. நிறுத்தப் பிடிமானமாகத்தான் பெல்ட் வைத்தார்கள். .300 வின்செஸ்டர் மேக்னத்தின் தோளோ 25 பாகை. அந்தத் தோளே போதும், பெல்ட் வெறும் பரம்பரைச் சொத்து.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், பெல்ட் இருக்கிறதே என்று தொழிற்சாலைச் சேம்பர்களில் தோள் பக்கம் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். முதல் சூட்டில் கூடு முன்னோக்கி நீளும். ரீலோடிங்கில் கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் சைசிங் டையை, கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கினால் தோள் பழைய இடத்துக்கே போகும், அடுத்த சூட்டில் மறுபடி நீளும். நாலைந்து முறைக்குள் பெல்ட்டுக்குச் சற்று மேலே உட்சுவர் மெலிந்து, வெளியே பளபளப்பான வளையம் தெரியும். அடுத்தது கூடு இரண்டாகப் பிரிவதுதான். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் சிக்கினால் அந்தக் கூட்டை நசுக்கிப் போடுங்கள். தவிர்க்க, டையை உயர்த்தி வைத்து, தோள் 0.002 அங்குலம் மட்டும் பின்னே போகும்படி அளந்து சரிசெய்யுங்கள். அப்படிச் செய்தால் சாதாரணக் கூடு போலவே உழைக்கும்.

பழந்தோட்டா:
மேக்னத்தை விடுங்கள், அது பழைய சண்டை. இன்றைக்கு உண்மையில் ஊதிப் பெருக்கப்பட்டது 6.5 கிரீட்மோர். 2007-இல் இலக்குச் சுடுவோருக்காக ஹார்னடி கொண்டுவந்தது. 140 கிரெய்ன் குண்டை 2700 அடியில் தள்ளுகிறது. நல்லது. இதே வேலையை 1890-களின் 6.5×55 ஸ்வீடிஷ் செய்துகொண்டே இருக்கிறது. நீளக் குண்டை நிலையாகச் சுழற்றும் வேக முறுக்குப் பேரலும் (உள்வரிகள் குறைந்த தூரத்தில் ஒரு சுற்று சுற்றுவது) புதிதல்ல. பழைய ஸ்வீடிஷ் மவுசரிலேயே ஏறக்குறைய 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஸ்வீடனில் கடமான் வகைப் பெரிய விலங்குக்கு, 10 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள குண்டு 100 மீட்டரில் 2000 ஜூல் ஆற்றல் வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. அங்கே வழக்கமான 156 கிரெய்ன் குண்டு 10.1 கிராம். மெதுவாகப் போகும் கனத்த குண்டு, ஆழமாக இறங்கும். நூற்றாண்டாக நடப்பதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்கிறார்கள்.

ஆறரை:
பழந்தோட்டா, 6.5×55 மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்டதில்தான் கிரீட்மோரின் பலமே இருக்கிறது. பழைய ராணுவ ரைஃபிள்கள் புழக்கத்தில் இருப்பதால் அமெரிக்கத் தரநிலை 6.5×55-க்கு 51,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தம்தான் அனுமதிக்கிறது. கிரீட்மோருக்கு 62,000. 6.5×55-க்கு, போல்ட் ஓடும் பகுதி நீண்ட ஆக்‌ஷன் வேண்டும். கிரீட்மோரின் கூடு குட்டை என்பதால், நீளமான குண்டைக் கூட்டுக்குள் அழுத்தாமலே குட்டை மேகசினில் அடக்கலாம். முக்கியமானது, முதல் நாளிலிருந்தே 8 அங்குல முறுக்கும் இறுக்கமான சேம்பர் அளவும் தரமாக்கப்பட்டன. எந்தக் கடை ரைஃபிளில் எந்தக் கடைத் தோட்டாவைப் போட்டாலும் ஒழுங்காகச் சுடுவதற்கு அதுதான் காரணம்.

காற்றில் கிடைப்பதையும் பாருங்கள். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று, 300 கஜம். .308 வின்செஸ்டரில் 150 கிரெய்ன் வேட்டைக் குண்டு ஏழரை அங்குலம் தள்ளப்படும், கிரீட்மோரின் 143 கிரெய்ன் ஆறுக்கும் குறைவு. உதையோ 12–13 அடி-பவுண்டுதான்.

பழந்தோட்டா:
அந்த ஒன்றரை அங்குலத்துக்கு, மலைமுகடு மேக்னத்துக்குச் சொன்ன பதிலே பொருந்தும்! தோட்டாவை நான் குறை சொல்லவில்லை. அதை நம்பி 500 கஜத்தில் மானைச் சுடலாம் என்று சொல்லித்தருகிறார்களே, அதுதான் என் கோபம். 500 கஜத்தில் 10 மைல் காற்று 143 கிரெய்ன் குண்டையும் சுமார் 15 அங்குலம் தள்ளும். பள்ளத்தாக்கின் குறுக்கே காற்றை 5 மைல் தப்பாகக் கணிப்பது சர்வ சாதாரணம். அதுவே ஏழரை அங்குலப் பிழை. மானின் இதய-நுரையீரல் பகுதி மொத்தமே எட்டு அங்குலம், நடுவிலிருந்து நாலு. குண்டு போய்ச்சேர ஏறக்குறைய முக்கால் நொடிக்குள், அரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் விலங்கு ஓரடி எடுத்து வைத்தால் குண்டு வயிற்றில். எந்தத் தோட்டாவும் இதைத் தீர்க்காது.

ஆறரை:
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். 500 கஜ விளம்பரம் தப்பு. ஆனால் அது தோட்டாவின் குற்றமல்ல.

சமவெளி:
.270 வின்செஸ்டரை ஒருவரும் தொடவில்லையே. 1925 முதல் புகழ். 130 கிரெய்ன், 3060 அடி, அழகான தட்டைப் பாதை. ஆனால் 10 அங்குல முறுக்கோடு பூட்டிவைத்துவிட்டார்கள். 150 கிரெய்னுக்கு மேல் நீளமான குண்டு அதில் நிலையாகச் சுழலாது. அதனால் அந்த விட்டத்தில் காற்றை நன்றாக வெட்டும் கனத்த குண்டுகளைச் செய்யப் பெரிதாக யாரும் முனையவில்லை. 2021-இல் 6.8 வெஸ்டர்ன் என்ற பெயரில் அதே .277 விட்டத்தை 7.5, 8 அங்குல முறுக்கோடு கொண்டுவந்து 165, 175 கிரெய்ன் போட்டு அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.

மலைமுகடு:
300 கஜத்துக்குள் சுடுபவருக்கு இதில் எதுவும் குறையே இல்லை, சமவெளி. அந்த எல்லைக்குள் .270 இன்னும் முதல் வரிசை. குண்டை மட்டும் கவனிக்க வேண்டும். 50 கஜத்தில் 2900 அடிக்கு மேல் படும்போது மென்மையான ஈயக் குண்டு முன்தொடை எலும்பிலேயே சிதறும். அங்கே ஒட்டுக்குண்டோ (ஈயமும் உறையும் பிணைத்தது) செம்போ போடுங்கள். செம்புக்கு மாறினால் ஒரு படி எடை குறையுங்கள். செம்பு ஈயத்தைவிட லேசு, ஒரே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். மாறும் முன் பேரலைப் பழைய படிவு போகும்வரை சுத்தம் செய்யாவிட்டால் குறி சிதறும். குறை புதுக் குண்டின் மேல் விழும்.

காட்டுவழி:
லீவர் ரைஃபிளுக்கும் (விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) இடம் கொடுங்கள். .45-70-க்கு இப்போது கிடைத்திருக்கும் பேர் மிகை. 1873-இன் தோட்டா. பழைய ரைஃபிள்களுக்காக 28,000 பிஎஸ்ஐ-க்குள் நிரப்பிய 405 கிரெய்ன் குண்டு 1330 அடி வேகம்தான். 100 கஜத்தில் ஜீரோ செய்தால் 200-இல் ஏறக்குறைய இரண்டடி இறங்கும். தூரத்தை 25 கஜம் தப்பாகக் கணித்தாலே குறி போயிற்று. அடர்காட்டில் .30-30 இதைவிடக் குறைந்த உதையில், 170 கிரெய்னில், மான் அளவு விலங்குக்கு 150 கஜம் வரை போதுமானது.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை: குழாய் மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்தோட்டாவின் கூர்முனை முன்தோட்டாவின் பிரைமரில் (அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டைமுனைக் குண்டு, அல்லது இதற்கென்றே செய்த மென்நுனிக் குண்டு. வேறெதுவும் வேண்டாம்.

கூடுபொறுக்கி:
ரைஃபிள் பக்கம் ஒன்று. மவுசர் 98 வகை நகப்பிடி ஆக்‌ஷன் இல்லாவிட்டால் ஆபத்தான விலங்கிடம் போகாதே என்கிறார்கள். பாதி உண்மை. மேகசினிலிருந்து எழும்போதே கூட்டின் விளிம்பை நகம் பிடித்துக்கொள்வதால், போல்ட்டைப் பாதியில் இழுத்தாலும் தோட்டா சேம்பரில் தங்காது. நகம் முன்பே பிடிக்காமல் போல்ட் தோட்டாவை வெறுமனே தள்ளும் வகையில் தங்கிவிடும். அடுத்த தோட்டா அதன் பின்னால் முட்டிச் சிக்கும். ஆனால் நகப்பிடியில், கூட்டைத் தட்டி வெளியே தள்ளும் பாகம் அசையாமல் பொருத்தப்பட்டது. போல்ட்டை மெதுவாக இழுத்தால் கூடு உள்ளேயே விழும். சில மாதிரிகளில், தனித்தோட்டாவைக் கையால் சேம்பரில் போட்டு மூடினால் நகம் விளிம்பைத் தாண்டி ஏறாது. எதை வைத்திருந்தாலும் போல்ட்டை முழுதாக, வேகமாக இழுத்துப் பழகவில்லையென்றால் பயனில்லை.

மூன்றுகுண்டு:
என் பட்டியலில் முதலிடம் "ஒரு எம்ஓஏ உத்தரவாதம்" (100 கஜத்தில் குண்டுகள் சுமார் ஒரு அங்குலத்துக்குள் விழும் என்பது) என்று விற்கும் இறகு எடை ரைஃபிள்களுக்கு. உத்தரவாதம் பெரும்பாலும் மூன்று குண்டுக் குழுவுக்கு. மூன்று குண்டில் சராசரி ஒரு அங்குலம் காட்டும் ரைஃபிளே பத்து குண்டில் சுமார் 1.6 அங்குலம் பரப்பும். அது ரைஃபிளின் கோளாறு இல்லை, எண்ணிக்கைக் கணிதம். மூன்று குண்டைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகுபவர், இல்லாத பிழையைத் திருத்துகிறார்.

நெடுந்தூரம்:
இதில் மறுப்பில்லை. அப்படியானால் மெல்லிய பேரல் ரைஃபிளை எப்படி ஜீரோ செய்யச் சொல்கிறீர்கள்? சூடு ஏற ஏற குறி நகருமே.

மூன்றுகுண்டு:
முதலில் திருகுகள். ஸ்கோப் வளையத் திருகுகளை டார்க் குறடால் 15 முதல் 18 அங்குல-பவுண்டுக்குள், குறுக்கு முறையில் மாற்றி மாற்றி இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். பிறகு 100 கஜத்தில் இரண்டு குண்டு, போல்ட்டைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம், மறுபடி இரண்டு. இப்படிப் பத்து குண்டு ஒரே தாளில் சேரும்வரை எதையும் திருகாதீர்கள். பத்தின் நடுப்புள்ளியைக் கண்டு, அதை வைத்து ஒரே தடவை திருத்துங்கள். அதன்பின் வெவ்வேறு நாட்களில், குளிர்ந்த பேரலில், நாளுக்கு ஒரு குண்டு என அதே தாளில் ஐந்து. அந்த ஐந்தும் நடுப்புள்ளியிலிருந்து ஒரே பக்கம் விலகியிருந்தால், அந்த முதல் குண்டின் இடத்துக்கே ஸ்கோப்பை வையுங்கள். விலங்கின் மேல் போவது அந்தக் குண்டுதான். தோட்டாப் பெட்டியின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் மறுபடி முதலிலிருந்து.