பூட்டிக் கிடக்கும் எங்கள் தெருப் பள்ளிக்கூடம்: மனுவில் என்ன கேட்பது?

கொருக்குப்பேட்டை கேட்:

எங்கள் தெருத் தொடக்கப் பள்ளியை அடுத்த தெருப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். கடைசி வருடம் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 19 பிள்ளைகள்தான். அதனால் சேர்த்ததில் எனக்கு வருத்தமில்லை. கட்டடத்தை அப்படியே பூட்டிவிட்டுப் போனதில்தான் வருத்தம்.

நான் படித்த பள்ளி. கீழே நாலு அறை, மாடியில் நாலு, முற்றத்தில் வேப்பமரம், பின்னால் சத்துணவுக் கூடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர் வந்தபோது எங்கள் தெருவே அந்த மாடியில்தான் மூன்று ராத்திரி படுத்தது. இனி அப்படி ஒரு மழை வந்தால் பூட்டை உடைத்துத்தான் ஏற வேண்டும்.

பூட்டிய மறு மாதமே மின்விசிறிகள் போயின. அப்புறம் ஸ்விட்ச் போர்டு, அப்புறம் தண்ணீர் மோட்டார். இப்போது ராத்திரியானால் குடிக்கிறவர்கள். மொட்டை மாடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று என் உயரத்துக்கு நிற்கிறது.

தெருவில் ஆளுக்கொரு யோசனை. கல்யாண மண்டபம் என்கிறார்கள், வண்டி நிறுத்த இடம் என்கிறார்கள். ஒரு பெரியவர் மொத்தமாக இடிக்கச் சொல்கிறார் (இடித்தால் அவர் வீட்டுக்குக் காற்று வரும்). என் ஆசை படிப்பகம். அக்கா மகள் குரூப் 4க்குப் படிக்கிறாள். வீடு பத்துக்குப் பதினைந்து அடி, ஆறு பேர். டி.வி. நிற்பதே ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான். 2024இல் கொளத்தூரில் படிக்கவும் உட்கார்ந்து வேலை செய்யவும் முதல்வர் படைப்பகம் என்று ஒன்று திறந்தார்களே, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, ஏ.சி.கூட வேணாம். ஒரு நாற்காலி, சத்தமில்லாத நாலு சுவர், அது போதும்" என்றாள்.

கட்டடம் தாங்குமா? மனுவில் எதை முதலில் கேட்பது?

ரிட்டயர்ட் ஏ.இ.:

தம்பி, நான் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் இடம் யார் பெயரில் என்று பாருங்கள். மாநகராட்சியா, கல்வித் துறையா, ஏதாவது ட்ரஸ்டா? அது தெரியாமல் போட்ட மனு மேசை மேசையாகச் சுற்றும்.

அடுத்தது கூரை. கான்கிரீட் ஸ்லாப்பாக இருந்தால், மழைநீர்க் குழாயில் அடைத்த இலையை எடுக்க ஆளில்லாமல் போனதுதான் முதல் கேடு. தேங்கிய தண்ணீர் ஸ்லாப்புக்குள் இறங்கும். நம் பக்கம் கடல் காற்றில் உப்பு வேறு. உள்ளே கம்பி துருவேறிப் பருக்கும்போது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். "டொப்" என்று வெற்றுச் சத்தம் கேட்டால் அதற்குக் கீழே யாரையும் உட்கார வைக்காதீர்கள். அரசங்கன்றை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும்.

ஒருவேளை மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டங்கள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய கூரை) என்றால் பழசு என்று பயந்து இடிக்க வேண்டாம். தேக்குச் சட்டங்கள் சுவருக்குள் உட்காரும் முனைகளைப் பாருங்கள், கரையானும் ஈரமும் அங்கேதான் தொடங்கும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் மட்டும் பூசாதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் பொருமிப் போகும்.

படிப்பகம் நல்ல யோசனை, ஆனால் புத்தக அலமாரிகள் கீழ்த்தளத்தில் இருக்கட்டும். கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்லும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 கணக்கில் வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பாரம். புத்தகங்களை அடுக்கி வைக்கும் அறைக்கு 600 கிலோ, அதுவும் 2.2 மீட்டர் உயர அடுக்குக்கு. மாடியில் நாற்காலி, மேசை, ஆட்கள் மட்டும்.

மனுவின் முதல் வரி உறுதித்தன்மைச் சோதனையாக இருக்கட்டும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கப்புறம் பழைய பள்ளிக் கட்டடத்துக்கு "நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட யாருக்கும் கை நடுங்கும். என் கையும் நடுங்கியிருக்கும்.

மீன்கூடை:

நான் காசிமேடு. ஜப்பானில் முரோட்டோ என்கிற ஊரில் மூடின பள்ளியை 2018இல் மீன் காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள் என்று என் பையன் போனில் காட்டினான். கொச்சி மாகாணம் என்றான், நான் கேரளா என்று நினைத்துவிட்டேன். பிள்ளைகள் நீந்தின 25 மீட்டர் குளத்தில் இப்போது சுறாவும் ஆமையும். அந்த ஊர் மீனவர்கள் வலையில் சிக்கினதைத்தான் கொண்டுவந்து விடுகிறார்களாம்.

நமக்கு அது வேண்டாம், மீனைத்தான் தினமும் பார்க்கிறோமே. எனக்கு வேண்டியது வேறு, அண்ணே. ஏலத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறேன். சின்னவளைப் பக்கத்து வீட்டில் தூக்கத்தோடு போட்டுவிட்டுப் போகிறேன். கீழே ஒரு அறையைப் பிள்ளைகள் தூங்க விடுங்கள், ஒரு ஆயாவைப் போடுங்கள். அப்புறம் இந்தப் பள்ளியின் கழிப்பறை. எட்டு அறையைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

புளியந்தோப்பு பாலா:

ஆசையைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் பழைய பள்ளியை உடற்பயிற்சிக் கூடமாக மாற்றினார்கள். திறப்பு விழா போட்டோ பிரமாதம். ஆறாவது மாதம் சாவி வைத்திருந்தவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். உள்ளே ட்ரெட்மில்லில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். மனுவில் பெயின்ட், ஏ.சி. எல்லாம் கேட்பதைவிட, இரண்டு ஷிப்ட்டுக்குச் சம்பளத்தோடு இரண்டு ஆள் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்:

அக்கா, கழிப்பறை எனக்குத் தோன்றவே இல்லை, வெட்கமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் எழுந்து போகிற நேரத்தில்தான் படிக்கிறவர்கள் வருவார்கள், இரண்டும் இடிக்காது. மனுவை மாற்றி எழுதிவிட்டேன். சோதனை முதலில், அப்புறம் கழிப்பறை, குழந்தைகள் அறை, இரண்டு ஆள். படிப்பகம் கடைசியில். அக்கா மகளுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

பாலா, சாவி எங்கே என்று விசாரித்தேன். பழைய சத்துணவு ஆயா வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. "வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லையே, நான் என்ன செய்வேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை திறந்து பார்க்க ஆபீசில் அனுமதி சொல்லியிருக்கிறார்கள், வாய் வார்த்தையாகத்தான். ஏ.இ. ஐயா, ஏழு மணிக்கு வர முடியுமா? சுத்தியல் நான் வாங்கி வைக்கிறேன். எத்தனை கிலோ என்று மட்டும் சொல்லுங்கள்.

ரிட்டயர்ட் ஏ.இ.:

அரைக் கிலோ போதும். மாடிப் படியில் நான் முதலில் ஏறுகிறேன், நீங்கள் கீழேயே நில்லுங்கள்.