ரேட்லிமிட் மொடியூலை இயக்கிய பின்னும் ஒருவரே முழு இணைப்பையும் எடுத்துக்கொள்வது ஏன்?

கேள்வி (கல்லடி, மட்டக்களப்பு)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிகசாலையில் உபுண்டு 22.04 இயங்குதளமும் அப்பாச்சி 2.4 என்ற வலைச்சேர்வர் மென்பொருளும் நிறுவப்பட்ட ஒரு சேர்வர் இயங்குகிறது. பழைய சிற்றிதழ்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளின் கடந்தகால வினாத்தாள்கள் ஆகியவற்றை ஸ்கான் செய்து அதில் வைத்திருக்கிறோம். வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்களை அண்ணாவிமார் பாடக் கேட்டுப் பதிவுசெய்த ஒலிக்கோப்புகளும் உள்ளன. அவை எம்பி3 வடிவில், 128 கிலோபிட் தரத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் நீளமானவை.

இணைப்பின் மேலேற்ற வேகம் செக்கனுக்கு 10 மெகாபிட். வாசிகசாலையின் மற்றைய ஐந்து கணினிகளும் அதே இணைப்பைத்தான் பயன்படுத்துகின்றன. பரீட்சை நெருங்கும் வாரங்களில் இணைப்பு நெரிந்துபோய், வாசிக்க வரும் பிள்ளைகளால் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க முடியாத நிலை ஏற்படுகிறது. ஆகவே தரவிறக்க வேகத்துக்கு எல்லையிடும் அப்பாச்சியின் ரேட்லிமிட் மொடியூலை இயக்கி, வினாத்தாள், ஒலிப்பதிவு ஆகிய இரண்டு கோப்புறைகளுக்கும் 200 என்று எல்லையிட்டேன். நானே வெளியிலிருந்து ஒரு கோப்பைத் தரவிறக்கிப் பார்த்தபோது வேகம் 200 கிலோபைட்டைத் தாண்டவில்லை. ஆனால் ஒரே ஐபி முகவரியிலிருந்து வரும் ஒருவர் சில வேளைகளில் முழு இணைப்பையும் எடுத்துக்கொள்கிறார். பதிவுக் கோப்பில் ஒரே ஒலிக்கோப்புக்கு அந்த முகவரியிலிருந்து எட்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன, எல்லாவற்றிலும் 206 என்ற எண் காணப்படுகிறது. மொடியூல் வேலை செய்யவில்லையா, அல்லது நான் எழுதிய முறையில் பிழை உள்ளதா?

மறுமொழி (அக்கரைப்பற்று)

தம்பி, மொடியூலும் சரி, நீங்கள் எழுதியதும் சரி. நீங்கள் எதிர்பார்த்த வேலையை அந்த மொடியூல் செய்வதில்லை என்பதுதான் விடயம். ரேட்லிமிட் ஒவ்வொரு மறுமொழியையும் தனித்தனியே மட்டுப்படுத்துகிறதே தவிர, ஒரு பாவனையாளர் திறந்திருக்கும் இணைப்புகளைக் கூட்டிப் பார்ப்பதில்லை. அப்பாச்சியின் ஆவணத்திலும் இது வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளது. 206 என்பது கோப்பின் ஒரு பகுதியை மட்டும் அனுப்பியதற்கான குறியீடு. தரவிறக்க மேலாளர் எனப்படும் மென்பொருட்கள் ஒரு கோப்பை எட்டுத் துண்டாகப் பிரித்து, எட்டு இணைப்புகளில் ஒரே நேரத்தில் இழுக்கும். நீங்கள் இட்ட 200 என்பது செக்கனுக்கு இத்தனை கிலோபைட் என்ற கணக்கு. எட்டு இருநூறு 1,600 கிலோபைட். உங்கள் 10 மெகாபிட் இணைப்போ, பிட்டை எட்டால் வகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 1,220 கிலோபைட்தான் தாங்கும். ஒருவரே அதை நிரப்பிவிடுகிறார். இணைய நிறுவனங்கள் மெகாபிட்டில் சொல்வதையும் அப்பாச்சி கிலோபைட்டில் கேட்பதையும் குழப்பிக்கொண்டு எட்டு மடங்கு தவறாக எழுதியவர்களையும் கண்டிருக்கிறேன், நல்லவேளை நீங்கள் அந்தப் பிழையைச் செய்யவில்லை.

ஒலிப்பதிவுகளுக்கு 200 தேவையே இல்லை. 128 கிலோபிட் கோப்பொன்றைத் தடங்கலின்றிக் கேட்பதற்குச் செக்கனுக்கு 16 கிலோபைட் போதும். 64 என்று வையுங்கள், அது நான்கு மடங்கு தாராளம். அத்துடன், 2.4.24 பதிப்பிலிருந்து, தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட அளவை எல்லையின்றி அனுப்பும் வசதியும் உண்டு. அதனை 512 என வைத்தால், பாட்டு உடனே தொடங்கும், பிறகு எல்லைக்குள் வந்துவிடும். அந்தக் கோப்புறைக்குரிய பகுதியில் இந்த மூன்று வரிகள் இருக்க வேண்டும். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சுச் செய்யுங்கள்:

செட்அவுட்புட்ஃபில்டர் ரேட்_லிமிட் (இந்த வரியில் மட்டும் பெயர் பெரிய எழுத்துகளில், நடுவில் அடிக்கோட்டுடன்)
செட்என்வ் ரேட்-லிமிட் 64
செட்என்வ் ரேட்-இனிஷியல்-பேர்ஸ்ட் 512

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்கு மொட் க்யூஓஎஸ் என்ற தனி மொடியூல் உண்டு, உபுண்டுவின் மென்பொருள் தொகுப்புகளிலேயே கிடைக்கும். ஓர் ஐபி முகவரிக்கு இத்தனை இணைப்புகள்தான் என்று அதில் எல்லையிடலாம். எதை மாற்றினாலும் முதலில் அப்பாச்சிசிடிஎல் கொன்ஃபிக்டெஸ்ட் என்ற கட்டளையைக் கொடுத்து எழுத்துப்பிழை இல்லையென்று உறுதிப்படுத்திய பின்னரே சேர்வரை மீளத் தொடக்குங்கள்.

கேட்டவர் (கல்லடி)

மிக்க நன்றி நானா. எட்டு வரிகளின் பொருள் இப்போது தெளிவாகிவிட்டது. 64 என்று மாற்றினேன், பாட்டுகள் தங்குதடையின்றி ஒலிக்கின்றன. க்யூஓஎஸ்ஸில் ஒரு முகவரிக்கு 4 இணைப்புகள் என எல்லையிட்டபோதுதான் புதிய சிக்கல் ஒன்று வந்தது. ஒரு பாடசாலையின் கணினி ஆய்வுகூடத்திலிருந்து வினாத்தாள்களைத் திறக்க முயன்ற மாணவர்களில் பெரும்பாலானோருக்குப் பக்கம் கிடைக்கவேயில்லை என்று அவர்களின் ஆசிரியர் அழைத்துச் சொன்னார். யாருக்காக இந்தச் சேர்வரை வைத்திருக்கிறோமோ அவர்களையே வாசலில் நிறுத்திவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது. எல்லையை உடனே நீக்கிவிட்டேன்.

மறுமொழி (வந்தாறுமூலை)

நீக்கியது சரியான முடிவு. ஆய்வுகூடத்தில் இருபது கணினிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு அவை ஒரே ஐபி முகவரியாகத்தான் தெரியும். கைபேசி இணைப்புகளிலும் முன்பின் அறியாத பலர் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். அதுமட்டுமன்று, பழைய எச்டிடிபி 1.1 முறையில் ஓர் உலாவி ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகள் வரை திறக்கும், ஆகவே 4 என்பது ஒரே ஒரு மாணவருக்குக்கூடப் போதாது. முகவரியை எண்ணி வாசலை மூடுகின்ற எந்த வழியும், பேராசை பிடித்த ஒருவரையும் ஒரு முகவரிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் இருபது பிள்ளைகளையும் வேறுபடுத்திப் பார்க்காது.

என் கருத்தில், பங்கீட்டை அப்பாச்சியிடம் விடுவதே பொருத்தமில்லை. அதை இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கேர்னலிடம் ஒப்படையுங்கள். 4.19 பதிப்பிலிருந்து கேர்னலில் கேக் என்ற வரிசை ஒழுங்கமைப்பு, அதாவது வெளியே போகும் தரவை வரிசைப்படுத்திப் பங்கிடும் முறை, உள்ளது. டிசி என்ற கட்டளையால், சேர்வரின் வலையமைப்பு அட்டையில் அதனை மூல வரிசையாகப் பொருத்தி, பான்ட்வித் 7 எம்பிட் என்றும் டுவல்-டிஎஸ்ட்ஹோஸ்ட் என்றும் இரண்டு சொற்களைச் சேர்த்தால் போதும். இரண்டாவது சொல்லின் பயன், வெளியே போகும் பொதிகளை (தரவுத் துண்டுகளை) முதலில் பெறுநரின் முகவரிவாரியாகச் சமமாகப் பங்கிட்டு, பிறகுதான் அந்த முகவரிக்குள் இருக்கும் இணைப்புகளுக்கிடையே பிரிப்பதாகும். எட்டு இணைப்புத் திறந்தவருக்கும் ஒரு பங்கு, ஒன்று திறந்தவருக்கும் ஒரு பங்கு. ஆய்வுகூடத்துக்கும் ஒரு பங்குதான் கிடைக்கும் என்பது உண்மையே, ஆயினும் அங்கே எவரும் மறுக்கப்படமாட்டார்கள், கோப்பு சற்றுத் தாமதித்தாவது வந்து சேரும். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் மட்டும் தரவிறக்கும்போது, ஒதுக்கிய 7 மெகாபிட்டையும் அவரே பெறுவார். ரேட்லிமிட்டோ ஆளில்லாத நேரத்திலும் அவரை 64 கிலோபைட்டிலேயே பிடித்துவைத்திருக்கும்.

7 என்று நான் சொல்வது, மீதி 3 மெகாபிட் வாசிகசாலையின் ஐந்து கணினிகளுக்கும் வேண்டும் என்பதற்காக. முழு 10 ஐயும் கொடுத்தால் நெரிசல் ரவுட்டரில் உண்டாகும், அங்கே உங்கள் ஒழுங்கு செல்லாது.

இரண்டு எச்சரிக்கைகள். வாசிகசாலைக்குள்ளிருந்து சேர்வரின் கோப்புகளைத் திறப்பவர்களுக்கும் அதே அட்டை வழியாகத்தான் போகும் என்பதால், அவர்களுக்கும் இந்த 7 மெகாபிட் எல்லை பொருந்தும். ஸ்கான் செய்த பெரிய கோப்புகளை உள்ளிருந்தே பிரதி எடுப்பவர்கள் இருந்தால், சேர்வருக்கு இரண்டாவது அட்டையொன்றைப் பொருத்துவது நல்லது. அடுத்தது, இக்கட்டளை சேர்வர் மீளத் தொடங்கும்போது மறைந்துவிடும். மின்வெட்டுக்குப் பிறகு ஒழுங்கு கலைந்துவிட்டது என்று திகைக்காமல் இருக்க, சேர்வர் தொடங்கும்போதே சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியில் ஒரு சிறிய சேவையாக எழுதி வையுங்கள்.

மறுமொழி (அக்கரைப்பற்று)

வந்தாறுமூலை நண்பர் சொல்வதை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். க்யூஓஎஸ்ஸை நான் பரிந்துரைத்தபோது பாடசாலைகளை எண்ணிப் பார்க்கவில்லை, தம்பி, மன்னிக்க வேண்டும். ரேட்லிமிட் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது வேகத்தைக் குறைப்பது, அனுப்பும் திரியை (ஒரு தரவிறக்கத்தைக் கவனிக்கும் அப்பாச்சியின் உள் வேலையாளை) சிறிது நேரம் உறங்கவைப்பதன் மூலம். 64 கிலோபைட் வேகத்தில் உங்கள் ஒரு மணித்தியாலப் பதிவு, அதாவது ஏறத்தாழ 57 மெகாபைட், முழுமையாக இறங்குவதற்குப் பதினைந்து நிமிடம் வரை எடுக்கும், அவ்வளவு நேரமும் ஒரு திரி பிடிபட்டிருக்கும். உபுண்டு வழமையாக அனுமதிப்பது 150 வரைதான். அப்பாச்சிசிடிஎல்லுக்குப் பெரிய வி கொடுத்துப் பாருங்கள். அப்பாச்சி வேலையைப் பகிரும் முறை ஈவென்ட் என்று வந்தால் பெரிய கவலையில்லை. பிஎச்பி நிரல்களுக்காக ப்ரீஃபோர்க் என்ற முறையில் ஓடுகிறதென்றால் ஒவ்வொரு தரவிறக்கத்துக்கும் ஒரு முழுச் செயல்முறையே நினைவகத்தில் கிடக்கும்.

கேட்டவர் (கல்லடி)

ப்ரீஃபோர்க்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓடும் எஃப்பிஎம் சேவைக்கு மாற்றி, ஈவென்டை இயக்கிவிட்டேன். கேக் நேற்றுக் காலையிலிருந்து செயற்படுகிறது. அதே எட்டு இணைப்புக்காரர் மாலையில் மீண்டும் வந்தார், அவர் இறக்கிக்கொண்டிருக்கும்போதே கீழே ஐந்து கணினிகளிலும் பிள்ளைகள் பக்கங்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். வினாத்தாள் கோப்புறையில் ரேட்லிமிட்டை முற்றாக எடுத்துவிட்டேன். ஒலிப்பதிவுகளுக்கும் அதை வைத்திருக்க வேண்டிய தேவை இனி உண்டா?

மறுமொழி (வந்தாறுமூலை)

இல்லை, அங்கேயும் எடுத்துவிடலாம். வெளியூரிலிருந்து பாட்டை முழுமையாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ள விரும்புவோருக்குப் பதினைந்து நிமிடக் காத்திருப்பு வீண். டிசியின் புள்ளிவிவரத்தை மாலை ஏழு மணியளவில் ஒரு வாரத்துக்குப் பார்த்து வாருங்கள், கைவிடப்பட்ட பொதிகளின் எண்ணிக்கையும் காத்திருப்பு நேரமும் அதில் தெரியும். கீழே உள்ள கணினிகள் அப்போதும் தடுமாறினால் 7 ஐ 6 ஆகக் குறையுங்கள்.