மறு: செய்தி வழங்கியின் அனுப்பு வரிசை – ‘நிலுவை’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். யூஸ்நெட் என்ற இணையக் கலந்துரையாடல் குழுக்களின் மடல்களைச் செய்தி வழங்கிகள் தம் அண்டை வழங்கிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு வழங்கி முறிந்து மீண்டபின், யாருக்கு எந்த மடல் இன்னும் போகவில்லை என்ற பட்டியலைத் திரும்ப உருவாக்கும் வேலைக்குத்தான் சொல் தேடுகிறோம். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்:

> கணினி படுத்து எழுந்தபின் செய்யும் இந்த வேலைக்கு ‘வரிசை மீட்பு’ என்ற சொல் போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். அதில் உள்ள இரண்டு சொல்லும் இடறுகின்றன.

முதலில் ‘வரிசை’. அர்ரேயும் வரிசை, சார்ட்டிங்கும் வரிசையாக்கம் என்று ஏற்கெனவே இந்தச் சொல்லின் தலையில் நிறையச் சுமை. அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை. ஐ.என்.என். என்ற செய்தி வழங்கி மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். மடல் கிடங்கில் ஒரு படிதான் இருக்கும். ஒவ்வோர் அண்டை வழங்கிக்கும் தனித்தனியே ஒரு கோப்பு, அதில் இன்னும் அனுப்பாத மடல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பத்து அண்டை வழங்கிகளுக்குப் போகவேண்டிய மடல் என்றால் பத்துக் கோப்புகளிலும் அதன் குறி ஏறும். முன்பின்னாகப் போனாலும் ஒன்றும் கெடாது. யூஸ்நெட்டில் கேள்விக்கு முன்பே பதில் வந்து சேர்வது சாதாரணம். மளிகைக்கடை நோட்டில் ‘இன்னாருக்கு இன்னும் தரவேண்டியது’ என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குவார்களே, அதுதான் இது. அதற்கு நிலுவை என்ற சொல் நம் கையிலேயே இருக்கிறது.

அடுத்து ‘மீட்பு’. காப்புப்படியிலிருந்து பழைய கோப்பை எடுத்துப் போடுவதற்கு அந்தச் சொல் சரி. ஆனால் நேற்றைய நிலுவைக் கோப்பை இன்று எடுத்துப் போட்டால், அதில் உள்ளவை பெரும்பாலும் எப்போதோ போய்ச் சேர்ந்தவை. வேண்டியதோ, நினைவகத்தில் இருந்து வட்டில் எழுதப்படாமலே தொலைந்த வரிகள். அவற்றை மீட்க முடியாது, புதிதாகக் கணக்குப் போட்டுத்தான் எழுதவேண்டும்.

எப்படி? வழங்கி ஏற்ற ஒவ்வொரு மடலுக்கும் அதன் பதிவேட்டில் ஒரு கூட்டல் குறி விழும். கூடவே மடலின் அடையாளம், எந்த அண்டை வழங்கிகளுக்குப் போகவேண்டும் என்ற பெயர்கள். முறிவுக்கு முந்தைய சில மணி நேரத்து வரிகளைப் பெயர்வாரியாகப் பிரித்தால் நிலுவை கிடைத்துவிடும். பதிவேடும் போய்விட்டதா, வந்த மடல்களைக் குறித்துவைக்கும் வரலாற்றுக் கோப்பில் வந்த நேரத்தைப் பார்த்து மடல்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் தலைப்பிலும் குழுவையும் அது கடந்துவந்த வழியையும் பார்த்துப் பிரிக்கவேண்டும். வேலை அதிகம், ஆனால் நடக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கணக்கில் கொஞ்சம் கூடிப்போனாலும் கேடு இல்லை என்பது. வழங்கிகள் மடல் பரிமாறிக்கொள்ள 1986இல் வந்த என்.என்.டி.பி. நெறிமுறையிலேயே மடலை அனுப்புமுன் ‘இது என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?’ என்று கேட்கும் ஏற்பாடு உண்டு. எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே இருந்தால் 435 என்று பதில் வரும், அவ்வளவுதான். குறைந்துபோனால்தான் இழப்பு. அதனால் முறிந்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தாராளமாக எடுங்கள்.

ஆகவே என் பரிந்துரை: நிலுவைக் கணக்கெடுப்பு. கட்டளையாக எழுதும்போது ‘நிலுவையைக் கணக்கெடு’. ‘நிலுவைத் திரட்டல்’ என்றும் யோசித்தேன். ஆனால் திரட்டி என்றாலே வலைப்பதிவுத் திரட்டிதான் நினைவுக்கு வருகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

> எறும்புச் சாரை போல ‘சாரை’ என்று வைக்கலாமே?

அழகான சொல், வீணாக்க மனமில்லை. ஆனால் சாரையில் முன்னால் போவது முன்னால்தான் போகும். அச்சுப்பொறிக்குக் காத்திருக்கும் கோப்புகளுக்கு அதைக் கொடுப்போம்.

அப்புறம் ஒன்று பாக்கி. அண்டை வழங்கி நாள் கணக்கில் பேசாமல் இருந்தால் இந்தப் பக்கம் மலைபோல் குவியுமே, அந்த பேக்லாக்கையும் நிலுவை என்றே சொன்னால் குழப்பம் வரும். அதற்குத் ‘தேக்கம்’ சரிப்படுமா? வழங்கி நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.